இன்னும் இருபத்து மூன்று நாள்

"ஒம்போது கிலோ காட்டுது! இன்னாத்தடி இதுல அமுக்கி வச்சுகினு கீற?"

காலை ஐந்தரை மணிக்கு, ராயபுரத்தில் அந்தச் சந்து முழுவதும் எழுந்து உட்காரும்படி வியாகுலம்மாள் போட்ட சத்தம் அது. ஜன்னல் கம்பியில் மீன் நிறுக்கும் தராசைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் கொக்கியில் ஒவ்வொரு பையாக மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையோடு எடுத்துப்போகும் பை ஆளுக்கு ஏழு கிலோதான், கூடினால் ஏறவிட மாட்டார்கள் என்று தம்பி மகன் ஜோ படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். காசிமேட்டில் நாற்பது வருஷம் மீன் விற்றவளுக்கு எடையைப் பற்றி யார் என்ன சொல்லித்தர முடியும்? தராசு முள் துடிப்பதற்கு முன்பே அவள் கை சொல்லிவிடும்.

"புளிசோறுக்கா... நடுவுல பசிச்சா துன்னலாம்னு..." என்று பிலோமினா இழுத்தாள்.

"புளிசோறு! நம்ம வூட்டுலேர்ந்து வெளியூருக்குப் புளிசோறு!" வியாகுலம்மாள் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அந்த இடத்தில், நாலு மணிக்கே எழுந்து பொரித்து ஆறவைத்திருந்த வஞ்சிரத் துண்டுகளை டப்பாவில் அடைத்துச் செருகினாள். "தோ, இப்ப ஒயுங்கா ஏயு கிலோ."

பிலோமினா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். இருபத்தொன்பது வருஷமாக இந்த வீட்டில் நாத்தனார் சொன்னால் சொன்னதுதான். அதில் அவளுக்குப் பெரிய வருத்தமும் கிடையாது. தாயில்லாத தம்பி ஹென்றியை மீன் கூடை சுமந்தே வளர்த்து, படிக்க வைத்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலைக்கு அனுப்பியவள் வியாகுலம்மாள். புருஷன் போய்விட்டான், பிள்ளை குட்டி இல்லை. தம்பி குடும்பமே அவள் குடும்பம். இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் பிலோமினாவின் மகள் ஜூடிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து ஒரு பையன் பிறந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். "எங்க அத்தைதான் ஞானத்தாய், வேற யாரும் வேணாம்" என்று ஜூடி சொன்ன நாளிலிருந்து வியாகுலம்மாளின் கால் தரையில் படவில்லை.

அப்போதுதான், குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி வந்த ஜோ, வெகுளியாக ஒரு வார்த்தையைப் போட்டான்.

"அத்தை, ஃப்ளைட்ல நாலு பேருக்கும் மீனு சாப்பாடுதான் புக் பண்ணிகீறேன். அதான் ரேட்டு கம்மி. அம்மாவுக்கு ஒத்துக்காதேன்னு ஜூடிகிட்ட கேட்டேன். 'அதெல்லாம் ஒண்ணும் கெடையாது, போன தபா வந்தப்ப நானே டெஸ்ட் எடுத்துப் பாத்தேன், அம்மா நல்லா துன்னலாம்'னு சொல்லிட்சு."

வியாகுலம்மாளின் கை தராசிலேயே நின்றுவிட்டது.

ஏழு வருஷமாக பிலோமினா மீனைத் தொடுவதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். 'டாக்டர் வேணாம்னுட்டாரு, ஒடம்புக்கு ஒத்துக்கல.' அந்தப் பொய் இப்போது வெட்டவெளிச்சமாகக் கூடத்து நடுவே கிடந்தது.

"அப்டியா சேதி?" என்றாள் வியாகுலம்மாள். சத்தமே இல்லை. சத்தம் போடாத வியாகுலம்மாளைப் பார்த்ததும் பிலோமினா குனிந்து பைகளை எண்ணத் தொடங்கினாள். அதற்குள் வாசலில் டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான்.

*

மலிவு டிக்கெட் என்றால் என்னவென்று விமானம் கிளம்பிய பத்தாவது நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. சாய்ந்துகொள்ள சீட்டில் பொத்தானே இல்லை. முன்சீட்டு முழங்காலில் இடித்தது. தண்ணீருக்குக் காசு, போர்வைக்குக் காசு. பக்கத்துப் பக்கத்தில் உட்காரவும் காசு என்பதால் மூன்று பேருக்கு மட்டும் கட்டிவிட்டு ஜோ இருபத்தொன்பதாவது வரிசைக்குப் போய்விட்டான். ஜன்னலோரம் வியாகுலம்மாள். நடைபாதையோரம் முட்டிவலிக்கார ஹென்றி. நடுவில் பிலோமினா. கையை எந்தப் பக்கம் வைத்தாலும் யாரையாவது இடித்தது.

உடம்பு இப்படி நெருக்கடியில் கிடந்தாலும், மனசு வேறெங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்பு, ஒரு ஜூன் பதிமூன்றாம் தேதி, அந்தோணியார் திருநாள் அன்று... ஆஸ்பத்திரி வராந்தா. மார்பில் கட்டி என்று வியாகுலம்மாளை ஆப்பரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பரவியிருக்கலாம், எதற்கும் தயாராக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர். ஹென்றி சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். பிலோமினா அழவில்லை. மூலையில் மண்டிபோட்டாள்.

'அந்தோணியாரே, எங்க அக்காவ உசுரோட வூட்டுக்கு அனுப்பு. ஏயு வருஷம் நான் மீனத் தொடமாட்டேன்.'

காலையில் மீன், மதியம் மீன், காய்ச்சல் என்றாலும் மீன் ரசம் என்று வளர்ந்தவள் கொடுக்கக்கூடிய பெரிய பொருத்தனை அதுதான். அவர்கள் பக்கத்தில் பொருத்தனைக்கு ஒரு கண்டிப்பு உண்டு. நேர்ந்துகொண்டதை, அது நிறைவேறும் நாள் வரைக்கும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. அதிலும் யாருக்காக நேர்ந்துகொண்டார்களோ அவர்களிடம் சொல்லவே கூடாது. சொல்லிவிட்டால் அது வெறும் பேச்சு. கேட்ட வரம் கைவிட்டுப் போய்விடும்.

வருகிற ஜூன் பதிமூன்றோடு ஏழு வருஷம் முடிகிறது. இன்னும் இருபத்து மூன்று நாள். ஜூன் மாதம்தான் அக்காவுக்குக் கடைசி ஸ்கேன். அதுவும் சுத்தமாக வந்துவிட்டால் இனி பயமில்லை என்று டாக்டரே சொல்லியிருந்தார். ஏழு வருஷம் கட்டிக்காத்ததை இப்போது போய் விடுவதா? மாட்டாள். உயிரே போனாலும் மாட்டாள்!

*

மஸ்கட்டில் விமானம் மாற வேண்டும். நாலு மணி நேரக் காத்திருப்பு. இரும்பு நாற்காலிகளில் உட்காரவும் முடியவில்லை, எழுந்து நடந்தால் பைகளை யார் பார்ப்பது என்ற கவலை. ஹென்றி முட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் உலாத்தினார். ஜோ செல்போனுக்கு சார்ஜ் ஏற்ற இடம் தேடிப் போயிருந்தான். காலையில் குடித்த டீயோடு பிலோமினாவின் வயிறு காய்ந்து கிடந்தது.

வியாகுலம்மாள் மடியில் டப்பாவைத் திறந்தாள். வஞ்சிர வாசனைக்கு எதிர் வரிசையில் இருந்த கோட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவள் ஒரு துண்டை எடுத்து பிலோமினாவின் முன்னால் நீட்டினாள்.

"துன்னு."

"வேணாங்க்கா..."

"ஏன்? ஒத்துக்காதா? டெஸ்ட்டு எடுத்துப் பாத்துகீதாமே உம் பொண்ணு!"

பிலோமினா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் சொல்லட்டா ஏன்னு?" வியாகுலம்மாளின் குரல் உடைந்தது. "உனுக்கு மீனு ஆவாதது இல்லடி... என் கை ஆவாது! ஆப்ரேஷனுக்கு மொத நாளு, திரும்பி வருவனோ மாட்டனோன்னு எல்லாருக்கும் சுறாப்புட்டு செஞ்சு போட்டேன். ரெண்டு தபா வாங்கித் துன்ன நீ. அப்பால கட்டு கூடப் பிரிக்கல, எயுந்து குந்தி உனுக்கோசரம் ஒரு கொயம்பு வச்சேன்... தட்ட நவுத்தி வச்சுட்ட! அன்னிக்கே புரிஞ்சுபோச்சு எனுக்கு. மார அறுத்தவ கையி... அந்த நோவு ஒட்டிக்கும்னு பயந்துகினதான?"

பிலோமினா வெடுக்கென்று நிமிர்ந்தாள். மாதாவே! இதையா... ஏழு வருஷமாக இதையா இந்த மனுஷி நெஞ்சில் வைத்துக்கொண்டு பக்கத்தில் படுத்து எழுந்தாள்?

"அக்கா... சத்தியமா இல்லக்கா! அப்டி ஒரு நெனப்பு வந்துச்சுன்னா எங் கண்ணு அவிஞ்சு போவட்டும்!"

"அப்ப இன்னாத்துக்குப் பொய் சொன்ன? சொல்லுடி!"

சொல்லிவிடலாம். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை போதும், இந்த அழுகை அடங்கிவிடும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு விலையாக அக்காவின் உயிர் அல்லவா போகும்? பிலோமினா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்லமாட்ட. சரி. அப்டின்னா கேட்டுக்கோ." வியாகுலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த ஒரு துண்ட எங் கையால வாங்கித் துன்னாத்தான் நாயித்துக்கெயம நான் புள்ளைய ஏந்துவேன். இல்லாங்காட்டி கோயில் வாசப்படி கூட மிதிக்கமாட்டேன். எங் கை ஆவாதவ வூட்டுப் புள்ளைய நான் ஏன் தொடணும்? அதுக்கும் ஒட்டிக்கப் போவுது!"

உலாத்திக்கொண்டிருந்த ஹென்றி ஓடி வந்தார். பாதிதான் காதில் விழுந்தது. பாதியே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"ஒரு துண்டு துன்னா செத்தா பூடுவ? எங்கக்கா இத்தினி பேருக்கு நடுவுல அயுதுகினு கீது, நீ கல்லு மாரி குந்திகினு கீற! பொம்பளையா நீ?"

பிலோமினா அந்தத் துண்டை வாங்கினாள். உதடு வரைக்கும் கொண்டுபோனாள். ஜூடியின் முகம் கண்ணில் வந்தது. பிறகு ஆஸ்பத்திரி வராந்தா வந்தது. துண்டை மறுபடி டப்பாவிலேயே வைத்துவிட்டு, கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"பாத்தியாடா..." என்றாள் வியாகுலம்மாள் தம்பியிடம். அவ்வளவுதான். டப்பாவை மூடினாள்.

*

அடுத்த விமானம் ஏழரை மணி நேரம். அதே மூன்று சீட்டு. அதே நடு இருக்கை. வெளியே வெயில் தீரவே இல்லை. எத்தனை மணி நேரம் பறந்தாலும் சாயங்காலம் வராமல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பின்சீட்டுக் குழந்தை முதுகில் உதைத்தது. முன்சீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே வந்தார். கழிப்பறை வரிசையில் நின்றவர்களின் முழங்கை ஹென்றியின் தோளில் பட்டுப் பட்டு அவர் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். வியாகுலம்மாள் ஜன்னல் பக்கமே திரும்பிக் கிடந்தாள். அவள் தோள் அவ்வப்போது குலுங்கியது. ஒரு சாண் தூரத்தில் இருந்தும் பிலோமினாவால் அந்தத் தோளைத் தொட முடியவில்லை.

சாப்பாடு வந்தது. மடித் தட்டில் வெள்ளிக் காகிதம் மூடிய மூன்று பெட்டிகள். வியாகுலம்மாள் மூடியைப் பிரித்தாள். மீன் குழம்பும் சோறும். பசியில் பிலோமினாவுக்குக் கண் இருட்டியது. பெட்டியைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டாள்.

"வீம்ப பாரு! மயக்கம் போட்டு வுயுந்தாலும் வுயுவ, துன்னமாட்ட!" ஹென்றி பல்லைக் கடித்தபடி குனிந்தார். "இன்னாடி நெனச்சுகினு கீற உம் மனசுல? கூடை தூக்கி எனுக்குச் சோறு போட்ட கையி அது! அதப் பாத்தா கலீஜா கீதா உனுக்கு? இறங்குன ஒடனே ஜூடிகிட்ட சொல்றேன். உங்கம்மா லட்சணம் இதான்னு சொல்றேன்!"

அது தாங்கவில்லை. ஏழு வருஷம் தாங்கியது அந்த நிமிஷத்தில் தாங்கவில்லை.

"சொல்லு! யாருகிட்ட வேணா சொல்லிக்கோ! என்னக் கொல்லாதீங்க... அக்கா, உன் கால்ல வுயுறேன், ஜூன் பதிமூணு போவட்டும்! அது வரைக்கும் வுட்டுடு! அன்னிக்கு நீ ஒரு கூடை மீன் குடு, முள்ளோட துன்றேன்! உங் கையால குடு, துன்றேன்... இன்னும் இருபத்தி மூணு நாளுதான்..."

சொன்ன பிறகுதான் தேதி வாயில் வந்துவிட்டது தெரிந்தது. பிலோமினா திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னா ஜூன் பதிமூணு?" என்றார் ஹென்றி. "அதுக்கும் மீனுக்கும் இன்னாடி?"

வியாகுலம்மாள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். ஜூன் பதிமூன்று என்னவென்று அவளுக்குத் தெரியாதா? வருஷா வருஷம் அன்றைக்கு நன்றிப் பூசை கொடுப்பவள் அவள். மறுபிறவி எடுத்த நாள் என்று சொல்லிச் சொல்லி மெழுகுவத்தி ஏற்றுபவள். அவள் உதடு மெல்ல அசைந்தது. விரல் கணுக்களில் எண்ணினாள். ஒன்று, இரண்டு... ஏழில் விரல் நின்றது. அந்தக் கை தானாக எழுந்து, சட்டைக்குள் பஞ்சு வைத்துத் தைத்திருந்த இடது மார்பில் போய் உட்கார்ந்தது.

"அன்னிக்கா...? எனுக்கா பிலோமி...?"

"அக்கா, வேணாம்! கேக்காத! நான் ஒண்ணும் சொல்லல... நான் ஒண்ணுமே சொல்லல..." பிலோமினாவின் பேச்சு குழறியது.

"சொல்லாத! வாயத் தொறக்காத!"

பாய்ந்து அவள் வாயைப் பொத்தப் போன வியாகுலம்மாளின் கை பாதியிலேயே நின்றது. பெட்டியைப் பிரித்ததில் விரலில் மீன் குழம்பு பட்டிருந்தது. நெருப்பைத் தொட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டு, மற்றொரு கையால் முந்தானையைப் பிடித்து, அந்தத் துணியால் பிலோமினாவின் வாயைப் பொத்தினாள். பொத்தியபடியே அவள் தலையை இழுத்துத் தன் நெஞ்சோடு, அறுத்த பக்கத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். கைப்பிடி நடுவில் இடித்தது. சீட் பெல்ட் இறுக்கியது. இரண்டு பேரும் விம்மி விம்மி அழுதார்கள். பின்சீட்டுக் குழந்தை உதைப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது.

"பாவி... எம் பாவி... உன்ன இன்னா பேச்சு பேசிட்டேன்... ஏயு வருஷம்டி..."

"யக்கா, இன்னாக்கா நடக்குது? இவ இன்னா சொன்னா?" ஹென்றி இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாய மூடுடா!" நாத்தனார் தம்பியின் பக்கம் திரும்பினாள். அப்படி ஒரு கோபத்தை ஹென்றி அவளிடம் பார்த்ததில்லை. "பொம்பளையா நீன்னு கேட்டல்ல? அவ பக்கத்துல குந்த உனுக்கு யோக்கியத கெடையாது! நானும் எதுவும் கேக்கல. அவளும் எதுவும் சொல்லல. இன்னொரு தபா மீனு கீனுன்னு உன் வாயிலேர்ந்து வந்துச்சு, இங்கயே எறக்கி வுட்டுடுவேன்!"

ஆகாயத்தில் எங்கே இறக்கிவிடுவாள் என்று ஹென்றி கேட்கவில்லை. அவருக்கு ஒன்றும் புரியவும் இல்லை. ஆனால் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தபோது, தான் ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டது மட்டும் உறைத்தது. மெதுவாகத் தன் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார்.

"வயி வுடு" என்று வியாகுலம்மாள் எழுந்தாள். மூன்று மீன் பெட்டிகளையும் அள்ளி, அந்த வழியாக வந்த பணிப்பெண்ணின் கையில் திணித்தாள். "இத எட்த்துகினு போ கண்ணு. மீனு வேணாம். ரொட்டி கீதா, ரொட்டி?" அந்தப் பெண்ணுக்குப் பாதி புரிந்தது. பின்னாலிருந்து ஜோ எழுந்து வந்து மீதியைச் சொல்லி, வெண்ணெய் தடவிய ரொட்டி ஒன்று வாங்கி, கார்டைத் தேய்த்துவிட்டு, அத்தையின் வீங்கிய கண்ணைப் பார்த்தபடி அதை மடித் தட்டில் வைத்தான்.

வியாகுலம்மாள் இரண்டு பேரைத் தாண்டி, நடைபாதையில் சீட்டுச் சீட்டாகப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரிசையில் போய் நின்றாள். ஆறு பேருக்குப் பின்னால். பிலோமினா எட்டி எட்டிப் பார்த்தாள். உள்ளே போனவள் வெளியே வரவே இல்லை. வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டினார்கள். கடைசியில் வெளியே வந்தபோது அவள் கை இரண்டும் சிவந்து கன்றிப்போயிருந்தன.

மறுபடி இரண்டு பேரைத் தாண்டி வந்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"மூணு தபா சோப்பு போட்டேன். நகத்து இடுக்குல கூடத் தேச்சுட்டேன்" என்றாள். நாற்பது வருஷம் மீன் அறுத்த கையை பிலோமினாவின் மூக்குக்கு நேராக நீட்டினாள். "மோந்து பாரு. ரவ கூட நாத்தம் இல்லல்ல? இருந்தா சொல்லு, இன்னொரு தபா போயி கயுவிகினு வரேன்... அதால எதுவும் ஆவக்கூடாது பாரு."

பிலோமினா இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"நாயித்துக்கெயம புள்ளைய நான்தான் ஏந்துவேன். நீ எம் பக்கத்துலயே நிக்கணும். இன்னா?"

"சரிக்கா."

வியாகுலம்மாள் ரொட்டியைச் சின்னதாகப் பிட்டாள். இன்னும் சின்னதாகப் பிட்டாள். ஏழு வருஷத்துக்கு முன்பு நகர்த்தி வைக்கப்பட்ட தட்டின் நினைப்போ என்னவோ, கையை முழுசாக நீட்டாமல் பாதியிலேயே வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"ஆ காட்டு" என்றாள்.

பிலோமினா அந்தக் கையை முகர்ந்து பார்க்கவில்லை. அதை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, வாயைத் திறந்தாள்.